சடகோபனின் பிரதி

இனவெறி பற்றி மனம்விட்டுப் பேச, குடியிருப்போர் சங்கம் கூட்டிய கூட்டத்துக்கு நேரில் வந்தவர் ஒபின்னா ஒருவர்தான். மற்றவர்கள் தங்களைப் போலவே பேசும் எந்திரப் பிரதிகளை அனுப்பியிருந்தார்கள். நைஜீரியாவிலிருந்து சென்னைக்கு வந்த பதினொரு வருடங்களில் முகத்தில் அறைந்தாற்போல் சாத்தப்பட்ட கதவுகளையும், பக்கத்து இருக்கை காலியாகவே ஓடிய பேருந்துகளையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எதிர்வீட்டு சடகோபனின் பிரதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதது.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் சடகோபனே நின்றிருந்தார்.

"நேத்து நீங்க அழுததும் எனக்கு மனசு லேசாயிடுச்சு சார்," என்றார் ஒபின்னா.

"ஆமாமா, கூட்டத்தோட சுருக்கம் ஃபோனுக்கு வந்துச்சு. நல்லாப் பேசினீங்களாம்."

கதவு திறந்தது. சடகோபன் ஓரடி பின்வாங்கினார்.

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வரேன்."

எட்டுப் பேர் போகக்கூடிய லிஃப்டில், பழக்கம் விடாமல், ஒபின்னா மூலையில் ஒண்டி நின்றபடியே கீழே இறங்கினார்.