இருவாச்சியின் 'இதோ'

முட்டையிடும் காலம் வந்ததும் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது. இறகுகளையும் உதிர்த்துவிட்டது. அலகை நீட்ட ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். இனி இரையும் காவலும் ஆண் பறவையின் பொறுப்பு.

பொந்துக்குள் போன புதிதில், "எங்கே இருக்கே?" என்று பெண் கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆண் வந்து நிற்கும். போகப் போக அந்த 'இதோ' ஓர் அத்திப்பழம் தின்னும் நேரமானது. அப்புறம் ஒரு கிளையே காலியாகும் நேரமானது.

ஒருநாள் உடும்பு ஒன்று மரமேறி மண்சுவரைப் பிறாண்டியது.

"உடும்பு வந்திருக்கு. சீக்கிரம் வா."

"இதோ வந்துட்டேன்."

இந்தத் தடவை ஆண் வாயிலிருந்த பழத்தைத் துப்பிவிட்டு அப்போதே பறந்தது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது உடும்பு முட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தது. பறக்க முடியாத பெண் தரையில் கிடந்தது. சுவரின் மண் உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டு உடைந்திருந்தது.

"சுவர் தாங்கியிருக்குமே. ஏன் உடைச்சிட்டு வெளியே குதிச்சே? நான்தான் 'இதோ'ன்னு சொன்னேனே."

"அதைக் கேட்டுத்தான் குதிச்சேன்."