கணுக்கால் அளவு

“வீட்டுக்குப் போய் அஞ்சு நாள்தானே ஆச்சு, அதுக்குள்ள திரும்பி வந்துட்டீங்களே. காலு இப்படி வீங்கியிருக்கு. வீட்டுல உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டீங்களாம்மா?”

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ‘மீண்டும் சேர்க்கக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘நோயாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்.

கட்டிலில் சாய்ந்திருந்த தையல்காரம்மாவுக்குப் பேச மூச்சு போதவில்லை. கோபத்துக்குக் குறைவில்லை.

கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு ஊசி, கொஞ்சம் புத்திமதி, நாளைக்கே வீடு. மறுபடியும் மூன்று தலையணையை முட்டுக்கொடுத்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாட வேண்டும்.

கட்டிலருகே நின்ற மகளும் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். உப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தவள் இவள்தான். இருந்தும் டாக்டர் சொன்னால் அது வேதவாக்கு.

தையல்காரம்மா பேனாவை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“சார், நான் தைச்ச சட்டை திரும்பி வந்தா, போட்டவங்களைத் திட்ட மாட்டேன். தையலைப் பிரிச்சுப் பார்ப்பேன்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

அவள் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். முப்பது வருஷமாகக் கழுத்தில் கிடந்த டேப். தானே அளந்தால் அதையும் பொய் என்பார் என்று, அவர் கையிலேயே கொடுத்துக் காலை நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாக அவர் கணுக்காலைச் சுற்றி அளந்தார். பத்து அங்குலம். வீக்கமில்லாத நாளில் அவளுக்கு எட்டுதான்.

போன வாரம் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை அவள் விரித்தாள். அடியில் பென்சிலால், தினமும் காலையில் எடுத்த அளவு. பத்து. பத்து. பத்து. கடைசி வரை பத்துதான். ஒரு நூல் கூடவுமில்லை, ஒரு நூல் குறையவுமில்லை.

“அப்போ எப்பம்மா வீங்குச்சு?” என்றாள் மகள். குரல் இறங்கியிருந்தது.

தையல்காரம்மா முதல் பத்தின் மேல் விரலை வைத்தாள்.

அது மட்டும் வீட்டில் எடுத்ததல்ல. இதே வார்டில், வீட்டுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும் முன் எடுத்தது.

அதற்கு நேர் மேலே, டாக்டரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘கால் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது.’