பரிவட்டம் கட்டிய பதிலாள்

எங்கள் ஊர் வயல்கள் முழுவதும் மெல்போர்னில் இருக்கும் திருவேங்கடம் ஐயாவுக்குச் சொந்தம். அவர் ஒரு நாளும் இங்கே கால் வைத்ததில்லை. அவருக்குப் பதிலாக ஓர் எந்திரம் வரப்பில் உருண்டு திரிகிறது. அதன் கண் வழியே பார்ப்பார், வாய் வழியே பேசுவார். ஊரில் அதற்குப் பெயர் பதிலாள்.

கோயில் கொடைத் திருவிழாவில் நிலத்துக்காரருக்குத்தான் முதல் மரியாதை. ஆறு வருடமாகப் பரிவட்டம் பதிலாளுக்குத்தான் கட்டுகிறார்கள். அந்த மண்ணை உழுகிறவன் நான். கொடைக்கு முந்தி எந்திரத்தைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவனும் நான். இந்த வருடம் என் மனைவி பேச்சியே அதைப் பார்த்துக் குலவையிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

கண் மங்கிய பூசாரி பட்டுத் துணியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டிவிட்டார். எந்திரத்தின் கண் மறைந்துபோனது.

"வெயிலுமுத்து, ஒண்ணுமே தெரியல. துணியக் கொஞ்சம் ஏத்திவிடுப்பா."

"சப்பரம் ஊரைச் சுத்தி வார வரைக்கும் பரிவட்டத்துல நாம கை வைக்கப்படாதுய்யா. பூசாரிதான் தொடணும்."

நான் சொன்னது பொய்யில்லை, வழக்கம் அதுதான். பூசாரி நாலடி தூரத்தில் நின்றார். நான் கூப்பிடவில்லை.

மேளம் உச்சத்துக்குப் போனது. நான் அறுத்துக் கொடுத்த நெற்கதிர்களைச் சாத்திக்கொண்டு சப்பரம் எங்கள் பக்கம் திரும்பியது.

"சாமி எப்படிப்பா இருக்கு? நீயாவது சொல்லேன்."

ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அன்றுதான்.

"அத நேர்ல வந்துதான்யா பாக்கணும்" என்றேன்.