மூணு பாட்டில் ஜாமுக்கு அரை வீடு

"என்னக்கா இது? மூணு பாட்டில் ஜாமுக்கு அரை வீடா?"

தங்கை ஓடில் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், பத்திரம் எழுதும் நோட்டரி அனுப்பிய கடிதத்தைச் சமையலறை மேஜைமேல் போட்டாள். ஏரிக்கரையில் அம்மா விட்டுப்போன வீட்டில், அக்கா மரியெல் தன் பாதியைத் தங்கைக்குத் தானமாக எழுதி வைக்கிறாளாம். செவ்வாய்க்கிழமை வந்து 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஓடில் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லுமாம்.

மரியெல் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஜாம் நல்லா இருந்துச்சுடி," என்றாள்.

ஓடிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இந்தப் படிப்பால் வந்த வினை. அக்கா வேலைக்குப் போகாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் சும்மா இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று அஞ்சல் வழியில் சமூகவியல் படிக்கச் சொன்னதே ஓடில்தான். அதில் போய் நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் அறிஞரிடம் வசமாக மாட்டிக்கொண்டாள். அவர் இதே எபினால் ஊரில் பிறந்தவர் வேறு. சொந்த ஊர்க்காரர்களின் குடும்பத்திலேயே கை வைத்துவிட்டார்.

"அப்படி என்னதான் சொல்றார் உன் ஆளு?"

"பரிசுன்னா மூணு கடமை இருக்கு. குடுக்கணும். குடுத்தா வாங்கிக்கணும். வாங்கினா திருப்பிக் குடுக்கணும். திருப்ப முடியாதவன் குடுத்தவனுக்கு ஒரு படி கீழதான் நிப்பான்."

"மேல கீழ நிக்க இது என்ன ஏணியா? நம்ம தோட்டத்து மிராபெல் பழம். உதிர்ந்து வீணாப் போகுதேன்னு காய்ச்சி எடுத்துட்டு வந்தேன். காலி பாட்டிலைக் குடுன்னா, அதுல வாத்துக் கறியை அடைச்சுக் குடுத்த. கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கம்பளிக் கோட்டு. என் பொண்ணுக்கு சைக்கிள். இப்ப வீடு. அடுத்து என்ன, மாமாவையும் எழுதி வைப்பியா?"

"அவரை நீ வாங்கிக்க மாட்ட."

ஓடிலுக்குச் சிரிப்பு வந்தது. கோபம் ஆறிவிடுமோ என்று பயந்து அதை விழுங்கினாள்.

மரியெல் இப்படி இருந்தவளே இல்லை. சின்ன வயதில் கேக்கில் பெரிய துண்டு அவளுக்குத்தான். தங்கையின் மழைக்கோட்டைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு போய், கேட்டால் உண்டு இல்லை என்று சண்டைக்கு நிற்பாள். இப்போது எதற்கெடுத்தாலும் "நீ சொன்னா சரிடி". ஓடில் உட்காரும் முன்னே நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள். ஓடில் வேண்டுமென்றே அரசியல் பேசி வம்புக்கு இழுத்தாலும் தலையாட்டிவிட்டுக் காபி ஊற்றுகிறாள். யாரோ அந்நியர் வீட்டுக்கு விருந்துக்கு வந்ததுபோல் இருந்தது. அந்தப் பழைய அக்காவைத்தான் ஓடில் தேடினாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள். "எனக்கு வீடு வேணாம். சண்டை போட ஒரு அக்கா வேணும்."

"கையெழுத்தைப் போடுடி. நீ வாங்கிக்கிட்டாதான் நான் உன்கிட்ட சண்டையே போட முடியும்."

"போயும் போயும் ஜாமுக்காகவா?"

"ஜாமுக்கு யாருடி எழுதினா?"

மரியெல் புத்தகத்தை மூடினாள். எழுந்து நின்று கம்பளிச் சட்டையைத் தூக்கினாள். அடிவயிற்றில் வலப்பக்கம் நீளமாக ஒரு தழும்பு.

"உன்னைத் திட்டலாம்னு வாயைத் திறக்கறேன். இது உள்ள இருந்துகிட்டு, யாரைத் திட்டுறன்னு கேக்குது. பாத்ரூம் போறப்பகூட உன் நெனப்புதான். எத்தனை நாளைக்குடி நான் உனக்கு நன்றி சொல்லிக்கிட்டே இருப்பேன்?"

அந்தத் தழும்புக்கு அடியில் பதினோரு மாதமாக வேலை செய்துகொண்டிருப்பது தன்னுடைய சிறுநீரகம் என்பதையே ஓடில் மறந்து போயிருந்தாள். மேஜைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து மடித்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.