வசந்தகுமாரின் ஈசிஜி

ஃபர்னஸ் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வசந்தகுமார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கேட் வரை ஓடினேன். ஷேர் ஆட்டோவை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

"ஜெரால்டு, என் பொண்ண பாத்துக்கடா."

"சும்மா இர்றா. ஒண்ணும் ஆவாது."

கம்பெனியிலிருந்து அவனுடைய மெடிக்கல் ஃபைல் வந்தது. அதைப் புரட்டிய டாக்டரின் முகம் மாறியது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"இன்னா சார், பொழைப்பானா?"

"இவருக்கு வெறும் கேஸ் டிரபிள். ஈசிஜி, ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனா ஆறு மாசம் முன்னாடி கம்பெனி கேம்ப்ல எடுத்த ஈசிஜி ரொம்ப மோசமா இருக்கே! யாரும் பாக்கலையா?"

"எடுத்தாங்க, ஃபைல்ல வெச்சாங்க. அவ்ளோதான் சார்."

"இது வேற யாரோடதோ. அந்த ஆள் ஒரு பக்கெட் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

வசந்தகுமார் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

அடிக்கடி நெஞ்சு எரிகிறது, வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று கேம்ப் அன்று அவன் பயந்தான். அவன் பெயரைச் சொல்லி ஈசிஜிக்குப் படுத்தவன் நான்.

அவன் மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டான்.