நாலாவது ஆள்

சிவப்புக் காரின் மேல் கிடந்த தார்ப்பாயை டிரைவர் மாது உருவி எறிந்தான். மில்லில் கடலை உடைக்கும் ராஜமேரி வாளியும் துணியுமாக நின்றாள்.

பக்கத்தில் புது அம்பாசிடர், நிறைசினைப் பசுவைப் போல நின்றது.

"பாருக்கா, அதுல வூடே ஏறலாம். கோழிக்கூடைய வேற வெச்சிக்கலாம். இது என்னா வண்டி? ரெண்டாளு குந்துனா முடிஞ்சிது."

மில் முதலாளி குப்புராஜ், ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஆசையாக வாங்கியது அந்தச் சிவப்புக் கார். கூரை கிடையாது, பின்சீட்டு கிடையாது. வந்த புதிதில் ஏரியூர்ப் பிள்ளைகள் எல்லாம் அதன் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் ஓடினார்கள். இப்போது விற்றாயிற்று. இன்று மத்தியானம் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் கார் ராஜமேரிக்குத் தெய்வம் என்று ஊரில் சொல்வார்கள். பதினொரு வருசத்துக்கு முன், வாந்திபேதியில் துவண்ட மகள் மிக்கேலம்மாளை மடியில் போட்டுக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது அதில்தான். மகள் பிழைத்தாள்.

கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் துணியை விட்டாள். கையில் ஒரு கல் தட்டுப்பட்டது.

"கல்லு எப்பிடிக்கா இதுல வந்துச்சு?"

"நான் போட்டதுதான். மூணு பேரா கெளம்பக் கூடாதுன்னு."

அன்று வண்டி ஓட்டிய முதலாளி, அவள், மகள். மூன்று பேர். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். இருந்தாலும் நாலாவது ஆளாக வாசலில் கிடந்த கல்லை எடுத்துக்கொண்டாள். மடி நிறைய மகள் கிடந்ததால் கல்லைக் காலடியில் போட்டாள்.

அப்போதுதான் சவரி ஓடிவந்து கதவைப் பிடித்துத் தொங்கினான். மகன். ஆறு வயது.

"எனக்கும் வவுறு நோவுதும்மா."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் காரில் ஏற எந்தப் பிள்ளைதான் பொய் சொல்லாது?

அத்தனை பதற்றத்திலும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. "காரப் பாத்ததும் நோவுதாக்கும்! எடமில்லடா" என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது, கோயிலுக்குப் பின்னால் சவரியைப் புதைத்த குழிமேட்டு மண் இன்னும் காயவில்லை.

இடமில்லை. பதினொரு வருசமாகப் பாவசங்கீர்த்தனத்தில் அவள் சொல்லிவருவது அந்த ஒரு சொல்தான். ரெண்டு சீட்டு வண்டி, சாமி. இடமில்லை.

மாது கால்மிதியை உதற எடுத்துப் போனான்.

ராஜமேரி கல்லை, அன்று போட்ட இடத்திலேயே திரும்ப வைத்துப் பார்த்தாள்.

அதைச் சுற்றி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை குந்தும் அளவுக்கு இடம் இருந்தது.

அவன் ஏறியிருந்தால் நாலு பேர். கல்லே வேண்டியிருக்காது.