வியாழக்கிழமைப் படுக்கை

“இன்னிக்கு நான் சொல்லத்தான் போறேன்! நன்னா நடக்கறவா எதுக்குப் படுத்துக்கணும்…”

“குரலைத் தாழ்த்துடீ! வண்டி தெருவுக்குள்ள திரும்பியாச்சு. போய்க் கதவைத் திற…”

“முந்தாநாள் பழவங்காடிக் கோயிலுக்கு நடந்துபோய்த் தேங்காய் உடைச்சது யாராக்கும்?”

“அது பிள்ளையாருக்குத் தெரிஞ்சாப் போறும். சர்க்காருக்குத் தெரிய வேண்டாம்.”

சிவகாமியம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். மருமகள் ஸ்ரீலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது, படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் அரசு வண்டி வந்தது. அதில் வந்த மலையாளத்து நர்ஸ் ரெம்யா காலை நீவி, கையைப் பிடித்து, நடக்கவே வைத்துவிட்டாள். இப்போது சிவகாமியம்மாள் வீடெல்லாம் வளைய வருகிறாள். வண்டி வரும் வியாழக்கிழமை மட்டும் படுக்கை. நடப்பது தெரிந்தால் ரெம்யா வருவது நின்றுவிடுமே!

“நிஜமாவே எழுந்திருக்க முடியாதவா எத்தனை பேர் காத்துண்டிருக்கா! அந்தப் பொண்ணு நமக்கு எவ்வளவு பண்ணியிருக்கா. அவளைப்போய் ஏமாத்தலாமாம்மா?”

“இன்னும் கொஞ்ச நாள்தான். அப்பறம் நானே சொல்லிடறேன்.”

ரெம்யா பையோடு உள்ளே வந்தாள்.

“அம்மே, எப்படி உண்டு?”

“என்னத்தைச் சொல்ல… கால் அசையவே மாட்டேங்கறது.”

ரெம்யா காலை நீவினாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். “பிரஷர் ஸ்கூல் குட்டிக்கு மாதிரி இருக்கு அம்மே!”

“அதெல்லாம் இருக்கும். லக்ஷ்மி, இவளுக்குக் காபி குடு. இங்கே வேண்டாம். அடுக்களைல உக்காந்து நிதானமாக் குடிக்கட்டும்.”

எல்லா வியாழனும் இதே உத்தரவுதான்.

அடுக்களையில் ஸ்ரீலக்ஷ்மி டம்ளரை நீட்டினாள். “ரிசல்ட் வந்துடுத்தா?”

“வந்நு சேச்சி. பயப்பட வேண்டாம். மார்பில இருக்கறது வெறும் கொழுப்புக் கட்டி. கேன்சர் இல்ல.”

ஸ்ரீலக்ஷ்மி, மாமியாரின் அறைக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருந்த சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவள் அந்த நோயில் போனதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவள். கட்டி இருப்பதைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இதே அடுக்களையில், ஒரு வியாழக்கிழமை, காபி ஆற்றிக்கொண்டே ரெம்யாவிடம் மட்டும் வாய் திறந்தாள். அவள்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, பரிசோதனை செய்துகொள்ள வைத்தாள்.

“அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் ரெம்யா. பாவம், தாங்க மாட்டா.”

முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஸ்ரீலக்ஷ்மி அறைக்குத் திரும்பினாள். பின்னாலேயே ரெம்யா.

போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிவகாமியம்மாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

“கட்டி ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டாளோல்லியோ, லக்ஷ்மி? அப்போ இனிமே நான் எழுந்துக்கலாமா?”